நாலாம் மாடிக்குப் போகும் கயிறு

ஆறு மாடிப் படிகளையும் நிலார் பக்கவாட்டில் திரும்பியபடிதான் இறங்கினாள். இடது கை சுவரில், வலது கை முன்னால் இறங்கும் கணவரின் தோளில். இரண்டு காலும் ஒரு படியில் வந்து சேர்ந்து, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படி. ரங்கூனில் இந்தப் பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் யாரோ, ஏணிக்கும் படிக்கும் வித்தியாசம் தெரியாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். சோ பைங் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "அவசரமில்ல, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லும்போதே அவர் கால் அடுத்த படிக்குப் பறந்தது. அவருக்கு அன்று தலைகால் புரியாத உற்சாகம். டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, இதமான குளிர், வெளுத்த லுங்கி, சட்டைப்பையில் வெற்றிலைப் பொட்டலம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் ஒரு திட்டம் இருந்தது.

திட்டம் இதுதான். மகள் யாமின் வடக்கு டகோனில் தரைவீட்டில் இருக்கிறாள். பக்கத்திலேயே இன்னொரு சிறு வீடு காலியாகி இருக்கிறது. முழங்கால் தேய்ந்துபோன அம்மாவை ஆறாம் மாடியில் வைத்திருப்பது பாவம், இதை விற்றுவிட்டு இருவரும் அங்கே வந்துவிடுங்கள் என்று ஆறு மாதமாகச் சொல்கிறாள். வாங்குவதற்கு ஆளும் கிடைத்துவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நிலாரைக் கேட்டதற்கு, "உங்கப்பாவைக் கேளு" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு இந்த நகரத்தை விட்டுப் போக இஷ்டமில்லை. வடக்கு டகோனும் ரங்கூன்தானே என்பார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கி எழுந்து இறங்கும் ஊரை எல்லாம் ரங்கூன் என்று ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக ஆயுளைக் கழித்தவர், காலை எழுந்ததும் தெருவில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து, நாலு பேரோடு வம்பளந்து பழகியவர். ஆனால் மனைவியின் முழங்காலை வைத்துக்கொண்டு "நான் வரமாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் காசில்லாமல் இருவரும் நடந்து தீர்த்த தெருக்களை அவளுக்கு ஒரு முறை சுற்றிக் காட்டினால் போதும், தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். சமதரையில் நடக்கலாம், படிதான் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே.

"பழைய மாதிரி ஒரு நாள் சும்மா நடந்துட்டு வருவமா?" என்று முந்தின நாள் கேட்டபோது, நிலார் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அரக்கு நிற லுங்கியை எடுத்து மடிப்பு நீவி வைத்தாள்.

படிக்கட்டு வாசலில் பெரிய குடைக்குக் கீழே பழம் விற்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தனாக்காப் பட்டையை அரைத்த மஞ்சள் பூச்சு, இடுப்பில் ஒரு குழந்தை. நிலார் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீயா கீழேர்ந்து கத்துறது, பப்பாளி பப்பாளின்னு?"

"ஆமா பெரியம்மா. ஆறாம் மாடிப் பெரியம்மாவா நீங்க?"

"அடிப்பாவி, சின்னப் பொண்ணா இருக்கியே. குரலைக் கேட்டு அம்பது வயசுன்னுல்ல நெனச்சேன்!"

பழக்காரி சிரித்தாள். "எனக்கும் உங்க கைதான் பெரியம்மா தெரியும். கம்பிக்கு வெளிய நீட்டிக் கயித்தை இழுக்குமே, அந்தக் கை. மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கட்டடத்தின் முகப்பு முழுவதும் கயிறுகள் தொங்கின. ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. மேல்நுனியில் பால்கனிக் கம்பியில் ஒரு மணி, கீழ்நுனியில் ஒரு கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். காலையில் பேப்பர், பிறகு காய்கறி, மத்தியானம் நூடுல்ஸ், யாராவது வந்தால் கீழே இறங்கி வரும் சாவி, எல்லாம் இந்தக் கயிற்றில்தான். நிலாருக்கு முழங்கால் கெட்டதும் சோ பைங் பழைய சணல்கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அறுந்துபோகாத வெள்ளை நைலான் கயிறும் கணீரென்ற புது மணியும் கட்டிக்கொடுத்திருந்தார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. தெருவிலேயே நல்ல கயிறு எங்கள் வீட்டுக் கயிறுதான் என்று டீக்கடையில் சொல்வார்.

சூலே கோயிலை நோக்கி நடந்தார்கள். நடைபாதையில் சாக்கடை மூடிய பலகைகள் பாதி உடைந்து கிடந்தன. சோ பைங் ஒவ்வொரு ஓட்டையையும் பெயர் சொல்லி அழைப்பதுபோல் முன்கூட்டியே கை காட்டி, அவளைச் சுற்றி அழைத்துப் போனார். வழியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேர்ந்தெடுத்திருந்தார். எது அப்படியே இருக்கிறதோ அதைக் காட்ட வேண்டும். எது போய்விட்டதோ அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனாலும் ஒரு முனையில் நிலார் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"இங்க ஒரு சினிமாக் கொட்டகை இருந்துச்சே. மழைக்கு நாம ஒதுங்கி நிப்போமே."

தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒரு பள்ளமும், பள்ளத்தில் மழைக்காலத் தண்ணீரும் இருந்தன.

"அதை இடிச்சு ரெண்டு வருஷமாச்சே நிலார். உன்கிட்ட சொன்னேனே."

"சொல்லலை."

"சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருந்தா எனக்கு மறக்குமா? அங்கதானே மொத மொத என் கையைப் பிடிச்சீங்க. அதுவும் இருட்டுல பக்கத்து சீட்டுக்காரியோடதுன்னு பயந்து உடனே விட்டுட்டீங்க."

சோ பைங்குக்கு அது நினைவிருந்தது. சொல்லாமல் விட்டதுதான் உள்ளுக்குள் கொஞ்சம் குறுகுறுத்தது. தினமும் அந்த வழியாகப் போகிறவர், இடிக்க ஆரம்பித்த அன்று நின்று வேடிக்கை பார்த்துவிட்டு டீக்கடையில் அரை நாள் அதைப் பற்றியே பேசியவர். வீட்டுக்கு வந்து ஏன் சொல்லவில்லை? சொல்ல எடுத்த பேச்சு டீக்கடையிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

சூலேயில் கோயில் மேடைக்கு ஏறப் படிகள் இருந்தன. நிலார் கீழேயே நின்று, பொன்னிறக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "எனக்கும் சேர்த்து நீங்க தண்ணி ஊத்திட்டு வாங்க" என்று அவருடைய செருப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். சோ பைங் மேலே போய், முதலில் தான் பிறந்த கிழமையான செவ்வாய்க்கு உரிய மூலையில் சிலைக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு நிலாரின் சனிக்கிழமை மூலைக்குப் போய் அவளுக்காக ஊற்றினார். அங்கே அவள் சார்பில் என்ன வேண்டினார் என்பதைச் சொன்னால் அவருக்குத்தான் வெட்கக்கேடு. "இந்த வீட்டை விட்டுப் போகவேண்டாம் என்று எனக்குத் தோன்ற வேண்டும்" என்று நிலாருக்குப் பதிலாக அவரே வேண்டிக்கொண்டார். இறங்கி வந்தபோது அவள் இரண்டு செருப்புகளையும் மார்போடு அணைத்தபடி, போகிற வருகிறவர்களை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். புறா விற்பவனை, கைரேகை பார்ப்பவனை, சண்டை போடும் டாக்ஸிக்காரர்களை. கடைசியில் அவர் தோளைத் தொட்டபோதுதான் திரும்பினாள்.

"எவ்வளவு மூஞ்சிங்க!" என்றாள்.

அவர்களுடைய பழைய டீக்கடை அப்படியே இருந்தது. அதே முழங்கால் உயர முக்காலிகள், மேஜை நடுவில் அதே வெந்நீர்க் கூஜா. தாழ்ந்த முக்காலியில் நிலாரால் உட்கார முடியாது என்று கடைக்காரர் உள்ளேயிருந்து தன் நாற்காலியை எடுத்துவந்து போட்டார். முக்காலியில் அவர், நாற்காலியில் அவள். இந்த ஏற்பாட்டில் அவள் மேலேயிருந்து பார்த்துச் சிரித்தாள். அவரை அவள் கோ சோ என்றுதான் கூப்பிடுவாள்.

"கோ சோ, உங்க உச்சந்தலை வழுக்கை மழைக்கு முன்னாடி காசு அகலம்தான் இருந்துச்சு. இப்ப சாஸர் அகலம்."

"இப்ப நாற்காலியில இருக்க, தெரியுது. மழைக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ என் தோளுக்குத்தானே வருவ."

"தெரியும்" என்றாள் நிலார், டீயை ஊதிக்கொண்டே.

கெட்டி டீ. அவர் தன்னுடையதில் பொரித்த மாவுக்குச்சியை முக்கினார். அவள் தன்னுடையதைப் பாதி பிய்த்து அவர் தட்டில் வைத்தாள். அந்தக் காலத்தில் இரண்டு டீ வாங்கினால் பலகாரம் ஒன்றுதான். இப்போது ஆளுக்கொன்று வாங்க முடிந்தும் அந்தப் பாதி எப்படியோ இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. சோ பைங் அந்தப் பாதியைத் தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டம் போட்டவரிடமே திட்டம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

பிறகு பன்சொடான் தெரு வழியாக ஆற்றுப்பக்கம் போனார்கள். பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தார்கள். கரும்புச் சாறு குடித்தார்கள். ஒரு மரத்தடியில் சமோசாவை வெட்டிப் போட்ட கலவையை ஒரே தட்டில் வாங்கி நின்றபடி தின்றார்கள். நிலார் எதற்கும் அவசரப்படவில்லை. ஜன்னல்களைப் பார்த்தாள், இரும்புக் கதவுகளைத் தொட்டுப் பார்த்தாள், ஒரு தையல் கடை வாசலில் நின்று அங்கிருந்தவளிடம் கழுத்து வெட்டைப் பற்றி நீண்ட விவாதம் நடத்தினாள். நாற்பது வருஷத்துக்கு முன் தான் வெட்டிய ரவிக்கைகளைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் உயர்ந்து, கை காற்றில் கத்தரித்தது. இவள் இவ்வளவு பேசுகிறவள் என்பதையே சோ பைங் மறந்துபோயிருந்தார். வீட்டில் அவள் இப்படிப் பேசிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தார். அதற்குள் ஆறு வந்துவிட்டது.

படகுத்துறையில் கடற்காகங்கள் வந்திருந்தன. குளிர்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளிகள். அக்கரையில் இருக்கும் தலாவுக்குப் போகும் படகு கிளம்பும்போதெல்லாம் கூட்டமாக எழுந்து, பயணிகள் வீசும் பலகாரத்துண்டுகளை அந்தரத்திலேயே கவ்வின. நிலார் ஒரு பொட்டலம் வாங்கி வீசத் தொடங்கினாள். ஒரு துண்டு காகத்துக்கு, ஒரு துண்டு தன் வாய்க்கு. ஆற்றுக்காற்று அவள் கொண்டையைக் கலைத்துவிட்டது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

பொட்டலம் காலியானதும் அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க ஏன் கூட்டிட்டு வந்தீங்கன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்."

சோ பைங் காலிப் பொட்டலத்தை வாங்கி மடிக்கத் தொடங்கினார்.

"அங்க போனா உங்களுக்கு இதெல்லாம் இருக்காது. காலையில எந்திரிச்சு எங்க போவீங்க? கோழி மாதிரி வாசல்லயே சுத்திச் சுத்தி வருவீங்க. அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும்." கையிலிருந்த எண்ணெயை லுங்கி ஓரத்தில் துடைத்தாள். "போகவேண்டாம் கோ சோ. இங்கேயே இருந்துடலாம். யாமின்கிட்ட நானே சொல்லிடறேன்."

"உன் முழங்கால்?"

"முழங்கால் எங்க போகப்போகுது? கயிறுதான் இருக்கே."

வந்தேவிட்டது. அவள் வாயிலிருந்தே, அவர் கேட்காமலே வந்துவிட்டது. சோ பைங்குக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதிக்காமல், மிகவும் பெருந்தன்மையாக, "உனக்கு அப்படித் தோணுச்சுன்னா சரி" என்றார். சனிக்கிழமை மூலையின் சக்தியை நினைத்து மனதுக்குள் ஒரு கும்பிடும் போட்டார். அந்தச் சந்தோஷத்தில்தான், திட்டத்தில் இல்லாத ஒன்றை அவராகவே சொன்னார். "வா, உங்க பழைய வீட்டைப் பார்த்துட்டுப் போவோம்."

ஆற்றோரச் சாலையில் மெதுவாக நடந்து, நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, சீனக்கடைகள் நிறைந்த அந்தக் குறுகிய தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியான வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பச்சை வண்ணம் உரிந்த ஐந்து மாடிக் கட்டடம். நாலாம் மாடியில்தான் நிலார் பிறந்து வளர்ந்தாள். அவளுடைய அப்பா பெண்ணைத் தேடி வரும் பையன்களைப் படியேற விடாத மனிதர். ஆகையால் சோ பைங்கின் காதல் முழுவதும் இந்தக் கயிற்றில்தான் ஏறியது. இரண்டு இழுப்பு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. அப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஞாயிறுதோறும் தேங்காய் போட்ட பனைவெல்ல உருண்டையை வாழையிலையில் கட்டி கிளிப்பில் மாட்டிவிட்டு, ஓடிப்போய் எதிர்ச்சுவரோரம் நிற்பார். கயிறு மேலே போகும். அதன் பிறகு ஒன்றும் நடக்காது. ஒரு சிரிப்பில்லை, கையசைப்பில்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்தார். மேலே இருந்தவளோ, வாரா வாரம் வெறுங்கையோடு வந்து சுவரில் சாய்ந்து முறைக்கிறானே, கஞ்சன் என்று நினைத்தாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கயிற்றை இழுத்ததும் மேலேயிருந்து பீ என்று விசில் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடிக்காரர் ஊ போ சின், ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பனியனோடு பால்கனியில் நின்றார். "தம்பி, உன் தர்மம் வளரட்டும். அடுத்த வாரம் மட்டும் இனிப்பைக் குறைச்சுக் கொண்டா. டாக்டர் சர்க்கரைன்னுட்டான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டு கயிற்றில் சோ பைங் ஒரு மாதமாகத் தப்பானதை இழுத்துக்கொண்டிருந்தார். நாலாம் மாடியில் நிலார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் நிச்சயமானது என்று பிற்பாடு இருவரும் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கதையை யாமினுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை.

இப்போதும் அங்கே கயிறுகள் தொங்கின. புதுக் கயிறுகள், புது கிளிப்புகள். கட்டடத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் ஒருவர் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தார். நிலார் அவருடைய ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து நாலாம் மாடியைப் பார்த்தாள்.

"எது நம்ம கயிறுன்னு இப்பவாவது தெரியுதா?" என்றாள்.

"ஏன் தெரியாது?" சோ பைங் ஒவ்வொரு கயிற்றையும் கண்ணால் தொடர்ந்து மேலே போய், கீழே வந்து, நிச்சயம் செய்துகொண்டு, ஒன்றைப் பிடித்தார். இரண்டு இழுப்பு, இடைவெளி, ஒரு இழுப்பு. வெறும் குறும்புதான். மேலே மணி அடித்தது. அவர் ஒளிந்துகொள்ளக்கூட அவகாசமில்லை. பால்கனியில் ஒரு கை மட்டும் தெரிந்தது. கயிறு விறுவிறுவென்று மேலே போய் மறுபடி கீழே இறங்கியது. கிளிப்பில் ஒரு சாவி.

"கதவு ஒட்டிக்கும், அழுத்தித் தள்ளுங்க!" என்று ஒரு பெண்குரல் மேலேயிருந்து கேட்டது. அதோடு உள்ளே போய்விட்டது.

இருவரும் சாவியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். "வா வா, ஏறிப் போய்ப் பார்ப்போம். உன் வீடு! சாவியே வந்துடுச்சு" என்று அவர் அவள் கையைப் பிடித்து எழுப்பப் போனார். நிலார் எழுந்திருக்கவில்லை. திறந்திருந்த தெருக்கதவுக்குள் இருட்டில் செங்குத்தாக ஏறிய படிகளைப் பார்த்தாள். ஆசையோடுதான் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இன்னைக்கு இந்த முழங்கால்ல ஒரு ஏத்தம்தான் மிச்சம் இருக்கு கோ சோ. அதை இங்க செலவழிச்சுட்டா, நம்ம வீட்டுக்கு எப்படி ஏறுறது?"

குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனால் பை எடுத்துப்போக வேண்டும் என்பதைப்போலச் சொன்னாள். "நீங்க போய்ச் சாவியக் குடுத்துட்டு, என் ஜன்னல் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்."

சோ பைங் ஏறினார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடியில், ஊ போ சின்னின் கதவாக இருந்த இடத்தில், சுவரில் கை வைத்து நின்றார். ஒரு ஏற்றம்தான் மிச்சம் என்ற வார்த்தை அவரோடேயே ஏறி வந்துகொண்டிருந்தது. இன்று காலையில் இறங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது, ராத்திரி ஏற எவ்வளவு நேரம் ஆகும், ஏறிய பிறகு எத்தனை நாள் அவள் அந்த முழங்காலில் சூடாக்கிய துணியைக் கட்டிக்கொண்டு கிடப்பாள் என்று முதல் முறையாகக் கூட்டிப் பார்த்தார். டாக்டரிடம் போக மட்டும் இறங்குகிறாள். அதுவும் சாயங்காலம், வாசலில் டாக்ஸி. இதைத் தவிர அவள் கடைசியாக எப்போது தெருவில் நடந்தாள்?

நாலாம் மாடிக் கதவு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தட்டிவிட்டு, சாவியால் திறந்து அழுத்தித் தள்ளியதும், ஈரத்தலையில் துண்டு சுற்றிய ஓர் இளம்பெண் திடுக்கிட்டு எழுந்தாள். சாவியை நீட்டி, தடுமாறி, ஒருவழியாக விஷயத்தைச் சொன்னார்.

"எம் புருஷன்னு நெனச்சேன்! அவரும் இப்படித்தான், சாவிய மறந்துட்டு ரெண்டும் ஒண்ணுமா இழுப்பாரு" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பெரியம்மா பொறந்த வீடா இது? பாருங்க பெரியப்பா, நல்லா பாருங்க. பால்கனிக்குப் போங்க. கீழ இருக்காங்களா? கையைக் காட்டுங்க."

அவர் பால்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

நாற்பது வருஷமாக இந்தக் கயிற்றின் கீழ்நுனியைத்தான் அவருக்குத் தெரியும். மாமனாருக்குப் பயந்து, கல்யாணத்துக்குப் பிறகும் இந்தப் பால்கனிப் பக்கம் அவர் வந்ததில்லை. மேல்நுனியில் நிற்பது இதுதான் முதல் தடவை. தன் வீட்டிலும் பால்கனியில் நிற்பார்தான், ஆனால் வெற்றிலை துப்பவோ, மணியைக் கட்டவோ, மழை வருகிறதா என்று பார்க்கவோ. கீழே பார்த்து நின்றதில்லை. கீழே பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை, அவர்தான் தினமும் கீழே போகிறாரே. இப்போது பார்த்தார். குடைகள் தெரிந்தன. ஒரு நீலக் குடை, ஒட்டுப் போட்ட ஒரு சிவப்புக் குடை. கூடைகளின் மேல்பக்கம், ரிக்‌ஷாவின் கூரை. மனிதர்கள் வெறும் தலைகளாக நகர்ந்தார்கள். யார் சிரிக்கிறார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பேச்சு மேலே வரும்போது வெறும் இரைச்சலாகிவிட்டது. ஒரு வயதான மனிதர் வீட்டிலிருந்து கிளம்பி, செருப்பைச் சரட்சரட்டென்று தேய்த்தபடி முனையில் இருந்த டீக்கடைப் பக்கம் போனார். திரும்பிப் பார்க்கவேயில்லை. அவருடைய உச்சந்தலையில் சாஸர் அகலத்துக்கு வழுக்கை பளபளத்தது.

சோ பைங்கின் கை தன் உச்சந்தலைக்குப் போனது. தினமும் காலையில் தான் தெருமுனை திரும்பும்வரை ஆறாம் மாடியில் ஒருத்தி நின்று பார்த்திருக்கிறாள். காசிலிருந்து சாஸர்வரை. அவர் ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. நகரத்தை விட்டுப் போகமாட்டேன் என்று அவர் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அந்த நகரம் எப்போதோ போய்விட்டது. நல்ல கயிறாகப் பார்த்து அவர் கட்டிக்கொடுத்த அன்றைக்கே போய்விட்டது. ஆற்றங்கரையில், கயிறுதான் இருக்கே என்று அவள் சொன்னபோது தான் பெருந்தன்மையாகத் தலையாட்டியது நினைவுக்கு வந்து, கூசியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. யாமின். சாயங்காலம்வரை பொறுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

"அப்பா, என்னதான் முடிவு பண்ணீங்க? அவங்க மறுபடி கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"யாமின், உங்க தெருமுனையில டீக்கடை இருக்குல்ல?"

"இருக்கு. இப்ப எதுக்கு டீக்கடை?"

"அந்தக் காலி வீட்டு வாசல்லேர்ந்து அது வரைக்கும் வழியில படி ஏதாவது இருக்கா?"

"படியா?"

"மேடு பள்ளம் இல்லாம இருக்கா? உங்கம்மா தானா எந்திரிச்சு, தானா நடந்து போயி, ஒரு டீ குடிச்சுட்டு, நாலு பேரு மூஞ்சியப் பார்த்துட்டு வர்ற மாதிரி இருக்குமா? யார் தோளையும் பிடிக்காம?"

மறுமுனையில் மகளின் குரல் மெதுவாக வந்தது. "வாசல்ல ஒரே ஒரு படிதாம்ப்பா. வேணும்னா அதையும் இடிச்சுச் சரிவாக்கிடலாம்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது காதோரம் மணி அடித்தது. இரண்டு முறை. ஒரு இடைவெளி. மறுபடி ஒரு முறை.

"இரும்மா, உங்கம்மா கூப்பிடுறா" என்று போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டார்.

கீழே கிளிப்பில் இலைப் பொட்டலம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கியிருக்க வேண்டும். சோ பைங் இரண்டு கையாலும் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். கை பழகவில்லை, பொட்டலம் சுவரில் இடித்து இடித்து ஏறியது. முதல் மாடி தாண்டியது, இரண்டாம் மாடி தாண்டியது. மூன்றாம் மாடிக்கு வந்ததும் நின்றுவிட்டது. அங்கே காயப்போட்டிருந்த ஒரு லுங்கியின் மடிப்பில் போய் மாட்டிக்கொண்டு, இழுத்தாலும் வரவில்லை, தளர்த்தினாலும் இறங்கவில்லை.

"ஊ போ சின் விடமாட்டேங்கிறாரா?" என்று நிலார் கீழேயிருந்து கத்தினாள். "சர்க்கரை இருக்குன்னு சொல்லுங்க அவருக்கு!"

சட்டைப்பைக்குள் யாமின், "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றை விடவில்லை. தெரு முழுவதும் தலைகளும் குடைகளுமாக நகர்ந்துகொண்டிருக்க, நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, ஒரு முகம் மட்டும் அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.